விலாசம் மாறி வந்த வெள்ளை

மச்சாள்,

போன சனிக்கிழமை பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைத் தோய்க்கலாம் என்று கவிழ்த்து உதறினேன். கொம்பாசுப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு சின்னக் கிறீம் ரியூப் நிலத்தில் விழுந்தது. மூடியைத் திறந்து மணந்தேன். மெழுகும் பன்னீரும் கலந்த அந்த மணம் எனக்கு மறக்கிற மணமில்லை. என் கலியாணத்தன்று கோயில் மண்டபத்துப் பின்னறையில் உங்களையும் என்னையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருத்திவைத்துப் பூசினார்களே, அதே சாமான்.

பிள்ளையைக் கூப்பிட்டேன். வந்தவள் என் கையைப் பார்த்தாள். துவாயின் நுனியை நனைத்து இடது கண்ணுக்குக் கீழே துடைத்தாள். பயறளவில் ஒரு வெள்ளை. பக்கத்தில் இன்னொன்று, அதைவிடச் சின்னது.

"எப்ப தொடக்கம்?"

"லீவுக்கு முதலே. வகுப்பிலை ஒருத்தி இதைக் குடுத்துப் பூசச் சொன்னவள். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ அம்மா."

பதின்மூன்று வயது. இவ்வளவு நாளும் பவுடரை அள்ளி அப்புகிறாள் என்று நினைத்து ஏசிக்கொண்டிருந்தவள் நான். ரியூப் கொடுத்த பிள்ளை இவளைவிட நிறமான பிள்ளை போல. அந்தப் பூச்சு இவளின் முகத்தில் சாம்பல் பூசின மாதிரிக் கிடந்தது. உங்களுக்கு வந்தது அவளுக்கும் வந்துவிட்டது, மச்சாள். என் வாய் மட்டும், "சோறு ஆறப்போகுது, வா" என்றது. அன்று முழுக்க குசினியிலும் கிணற்றடியிலும் நீங்கள்தான் என்னோடு நின்றீர்கள். நீங்கள் போய் இரண்டு வருசமாகிறது என்பதையே மறந்துபோனேன்.

நான் நெடுந்தீவுப் பெட்டை. அம்மா என்னைக் கடலைமாவிலும் பாலாடையிலும் ஊறவைத்து வளர்த்தவ. வெயிலில் நின்றால் ஏச்சு விழும். நிழலில் வைத்துப் பார்த்தும் நான் வெளுக்கவில்லை. பொம்பிளை பார்க்க வள்ளமேறி வந்தவர்கள் "நல்ல களையான பிள்ளை" என்று சொல்லித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, திரும்ப வள்ளமேறிப் போய் மறுமொழி சொல்லாமல் விட்டார்கள். களை என்ற சொல்லை யாராவது எடுத்தாலே இந்தச் சம்பந்தம் சரிவராது என்று நான் முடிவுகட்டிவிடுவேன். உங்கள் தம்பி வந்த அன்று கடல் கொஞ்சம் கொந்தளிப்பு. வள்ளத்தில் சத்தியெடுத்துக்கொண்டு வந்த மனிசன் என் நிறத்தைப் பார்க்கிற நிலையிலேயே இல்லை. ஒரு செம்பு தண்ணி கேட்டார், கொடுத்தேன், சம்பந்தம் பொருந்திவிட்டது. இதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் அவரை எத்தனை வருசம் பகிடி பண்ணினீர்கள்.

பொம்பிளைக்கு நிறம் காணாது என்ற குறையை எங்கள் பக்கம்தான் முதலில் எடுத்தது. அதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து அலங்காரம் செய்கிற பிள்ளை ஒருத்தியைப் பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்குக் கூட்டிவந்தார்கள். உங்கள் பக்கத்துக்குக் குறை நீங்கள். மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழியாக நிற்கவேண்டும். பொம்பிளையை மணவறைக்குக் கூட்டிவருவதும், கூறைச்சேலை மாற்ற உள்ளே கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அவவின் பொறுப்பு. உங்கள் தம்பிக்கு இருந்ததோ ஒரே ஒரு அக்கா. கண்ணைச் சுற்றி, வாயைச் சுற்றி, இரண்டு கையிலும் வெள்ளை விழுந்த ஒருத்தி நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்பதோ என்று உங்கள் பெரியம்மா கேட்டாவாம். பூசி மறைத்தால் நிற்கலாம் என்று கடைசியில் ஒரு தீர்ப்பு வந்ததாம். இந்தக் கதை எனக்குத் தெரியவந்தது பிறகுதான்.

எனக்குத் தெரிந்தது அந்த அறை. அலுமாரியில் சாத்திவைத்த கண்ணாடி, அதற்கு முன்னால் இரண்டு கதிரை, அலங்காரக்காரப் பிள்ளையின் கையில் இரண்டு டப்பா. ஒன்று வெள்ளை, எனக்கு. மற்றது மண்நிறம், உங்களுக்கு. என் முகத்தில் ஒருதரம், உங்கள் முகத்தில் ஒருதரம் என்று அந்தப் பிள்ளை மாறிமாறி ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை நீங்களும் நானும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. நீங்கள் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"இஞ்சை பாரும். உமக்கு வெள்ளை வேணுமெண்டு ஊரே ஓடித்திரியுது. எனக்குக் கேளாமலே வந்து நிக்குது, அதை மறைக்கச் சொல்லுகினம். கடவுள் விலாசம் மாறிக் குடுத்திட்டார் போல."

நான் சிரித்தேன். அன்று காலையிலிருந்து எனக்கு வந்த முதல் சிரிப்பு. "அக்காமார், சிரிக்காதேங்கோ, பூச்சு வெடிக்கும்" என்று அந்தப் பிள்ளை கெஞ்சியது. நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தோம். புகுந்த வீடு என்ற பயம் எனக்கு அந்தக் கதிரையிலேயே பாதி விட்டுப்போனது.

வெளியே ஆனி மாதத்து வெயில். ஓமப்புகை, சனத்தின் மூச்சு, காத்தாடி சுழன்றும் காற்றில்லை. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல என் முகம் உருகத் தொடங்கியது. எரியுது என்று பக்கத்தில் இருந்த உங்கள் தம்பிக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். கழுத்தால் வழிந்து சட்டையின் கரையில் வெள்ளை வெள்ளையாக இறங்கியதை நான் குனிந்து பார்த்தேன். கூறைத் தட்டத்தை வாங்கக் கையை நீட்டியபோது முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி, காது கேளாதவர்களுக்கே உரிய சத்தத்தில் பக்கத்துக்காரியிடம் சொன்னா: "முகம் ஒரு ஆள், கை வேறை ஆள்." நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அந்த மணவறையோடு நிலத்துக்குள் போய்விட்டால் நல்லது போலிருந்தது. நீங்கள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப்போனீர்கள்.

அறைக்குள் வந்து பார்த்தால் உங்கள் பூச்சும் கரைந்து, கண்ணைச் சுற்றியிருந்த வெள்ளை அங்கங்கே எட்டிப்பார்த்தது. அலங்காரக்காரப் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. வேர்வைக்கு மேல் பூசினால் நிற்காது, காயவிட நேரமில்லை. முகூர்த்தம் நெருங்குகிறது என்று வெளியிலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, உம்மில பிழை இல்லை. இந்த வேர்வைக்கு ஆர்தான் என்ன செய்யிறது?" என்றுவிட்டு நீங்கள் பின்கதவால் போனீர்கள். வாளியில் தண்ணி மொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சவுக்காரம் போட்டுக் கழுவின முகம், நெற்றிமயிரில் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. எல்லா வெள்ளையும் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு ஒரு சொல் புத்தி சொல்லவில்லை. நிலத்தில் குந்தி, என் கூறையின் கொய்யகத்தை மடிக்கத் தொடங்கினீர்கள். அவ்வளவுதான் செய்தீர்கள்.

"மச்சாள், எனக்கும் தண்ணி வேணும்" என்றேன்.

நீங்கள் மடிப்பைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தீர்கள். "யோசிச்சுச் சொல்லும். வெளியிலை வீடியோக்காரன் நிக்கிறான். இந்த வீடியோ கனடாவுக்கெல்லாம் போகும்."

"போகட்டும். எரியுது."

வாளியைக் கொண்டுவந்து வைத்தீர்கள். என் இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல், மருதோன்றி, காப்பு. என்னால் கழுவ ஏலாது. நீங்கள்தான் கழுவவேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அப்போது நீங்கள் தயங்கினீர்கள், மச்சாள். வேலைசெய்த கந்தோரில், தொத்திவிடும் என்று பயந்து நீங்கள் நீட்டுகிற கடதாசியின் மற்ற நுனியைப் பார்த்துப் பிடிக்கிற சனத்தோடு இருந்து பழகினவர் நீங்கள். உங்கள் கையால் இன்னொருத்தியின் முகத்தைத் தொடுவதா என்று உங்கள் கை காற்றில் நின்றது. நான் குனிந்து முகத்தை உங்கள் கைக்குள் வைத்தேன்.

எத்தனை பேர் எனக்கு என்னென்னவோ பூசியிருக்கிறார்கள், பிறந்ததிலிருந்து. முதல்முறையாக ஒருவர் அதைக் கழுவிவிட்டார். அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கூறையைக் கட்டிமுடிக்கிற அவசரம். இப்போது சொல்கிறேன்.

மேளம் உச்சத்தில் ஏற நாங்கள் வெளியே வந்தோம். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். வெள்ளைப் பொம்பிளை ஒருத்தி வருவா என்று வாசலுக்குக் கமெராவைக் குறிவைத்து நின்ற வீடியோக்காரன், எங்களைப் பார்த்து, "அக்காமார், கொஞ்சம் விலத்துங்கோ, பொம்பிளை வரப்போறா" என்றான். நீங்களும் மரியாதையாக, "ஓம் தம்பி" என்று என்னை விலத்திக் கூட்டிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தால் போனீர்கள். அவன் தொடர்ந்து வாசலையே எடுத்துக்கொண்டு நின்றான். எங்கள் கலியாண வீடியோவில் பொம்பிளை கூறையோடு மணவறைக்கு வருகிற இடத்தில் வெறும் வாசல்தான் இருக்கிறது. ஒரு பூனை குறுக்கே போகிறது. கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகள் தொலைபேசி எடுத்து, இடையில் பொம்பிளையை மாற்றினீர்களோ என்றே கேட்டாள்.

உங்கள் தம்பி முதலில் உங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் வந்து இருந்ததும் குனிந்து, "இப்ப எரியேல்லையே?" என்று மெல்லக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். தாலி ஏறியது.

சபையில் முணுமுணுப்பு இல்லாமலில்லை. உங்கள் பெரியம்மா சாப்பிடாமல் போனா. அடுத்த வாரம் பசிக்க வந்து சாப்பிட்டுவிட்டுப் போனா.

பிறகு ஒரே வீட்டில் எத்தனை வருசம். உங்களுக்கு வந்த சம்பந்தங்களைப் பற்றி நான் ஒருநாள் கேட்டபோது, "வந்தவை என்னைப் பாக்கேல்லை, கையைத்தான் பாத்தினம். கையைக் கட்டிக் குடுக்கேலாதே" என்றீர்கள். கந்தோரில் யாராவது உங்கள் விரலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால், "பாத்து முடிஞ்சால் இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ" என்பீர்களாம். உங்களோடு வேலைசெய்தவர்கள் செத்தவீட்டில் அழுதுகொண்டே இதைச் சொல்லிச் சிரித்தார்கள். உங்கள் ஸ்கூட்டியின் பின்னால் இருந்து நான் சந்தைக்கும் கோயிலுக்கும் போயிருக்கிறேன். கறுப்பியும் வெள்ளைச்சியும் போகினம் என்று எங்களுக்குப் பின்னால் பெடியள் கத்துவார்கள். நீங்கள் ஹோர்ன் அடித்துப் பதில் சொல்வீர்கள்.

நீங்கள் எதற்கும் கலங்காத ஆள் என்று ஊர் நினைத்தது. நான் ஒருதரம் கண்டிருக்கிறேன். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த கிழமை, பார்க்க வந்த ஒருத்தி உங்கள் காதுபடவே, பச்சைப் பிள்ளையை அவவின் கையில் கொடுக்காதே, தொத்தும் என்றுவிட்டுப் போனா. அது தொற்றுகிற வருத்தமில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நீங்கள் பிள்ளையின் அறைப்பக்கம் வரவில்லை. இரண்டாம் நாள் குசினிக்குள் வந்தபோது நீங்கள் தேங்காய் திருவிக்கொண்டே அழுதுகொண்டிருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிசி அகப்பட்டிருந்தால் திருவலையாலேயே சாத்தியிருப்பேன். "எனக்குக் கை உளையுது, இவளைப் பிடியுங்கோ" என்று உங்கள் மடியில் பிள்ளையைப் போட்டுவிட்டு, தேங்காயை நான் எடுத்துத் திருவினேன். அதற்குப் பிறகு பெத்த தாய் பிள்ளையைத் தூக்குவதற்கு உங்களிடம் தவணை கேட்கவேண்டி வந்தது.

ஒரு விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உங்கள் தம்பி பேசாத மனிசன், உங்களுக்குத் தெரியும்தானே. உங்கள் உடலை ஆயத்தப்படுத்த மலர்ச்சாலைக்காரர் வந்தபோது அவர் எழும்பிப் போய்ச் சொன்னது ஒரே ஒரு விசயம்: "அக்காவின்ர முகத்திலை ஒண்டும் பூசவேண்டாம்." அப்படியே, உங்கள் முகத்தோடுதான் நீங்கள் போனீர்கள்.

இனி, பிள்ளையின் கதைக்கு வருகிறேன்.

அவள் வேண்டாம் என்றும் அப்பாவிடம் நான் சொன்னேன். அவர் அவளின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "அக்காவுக்கும் கண்ணுக்குக் கீழைதான் துவங்கினது" என்றார். அவளின் தலையைத் தடவிவிட்டு, முற்றத்துக்குப் போய் வெகுநேரம் நின்றார்.

நேற்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு அவளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனேன். தோல் டொக்டர் நல்ல மனிசி. மருந்து இருக்கிறது, சிலருக்கு நிறம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, பரவினாலும் பரவலாம், உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொன்னா. என்னைப் பார்த்துச் சொல்லாதது எனக்குப் பிடித்தது. வெளியே வந்ததும் பிள்ளை கேட்டாள், வகுப்பில் பார்க்கிறார்கள், மருந்து வேலைசெய்யும்வரைக்கும் பூச எனக்குச் சரியான நிறத்தில் ஒன்று வாங்கித் தருவீங்களோ என்று. கழுவிவிட்டுப் போ என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது. நீங்கள் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. அவளின் முகம், அவளின் விருப்பம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பான்சிக் கடைக்குள் போனோம்.

கடைப்பிள்ளை ஒரு பெட்டியைத் திறந்து, "இதிலை எடுங்கோ அக்கா. பிள்ளையின்ர நிறத்தைவிட ரெண்டு படி வெள்ளையா எடுத்தால் எடுப்பா இருக்கும்" என்றாள்.

பிள்ளை முழங்கையை மேசையில் வைத்தாள். "எனக்கு இந்த நிறம் வேணும்."

"அதைவிட இது வடிவு, தங்கச்சி."

"வடிவுக்கில்லை அக்கா. எனக்கு என்ர நிறம்தான் வேணும்."

கடைப்பிள்ளை எல்லாத் தட்டையும் கிளறினாள். பொல்லாத பிள்ளையில்லை, உண்மையாகத்தான் தேடினாள். "இவ்வளவு கறுப்பிலை ஒருத்தரும் கேக்கிறேல்லை. அதாலை நாங்கள் எடுக்கிறதுமில்லை" என்றாள் கடைசியில். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க வெள்ளையாக்குகிற கிறீம்கள் அடுக்கியிருந்தன. இந்த நிறம் போகாதா என்று நான் சாமியறையில் அழுத நாட்கள் உண்டு, மச்சாள். அதே நிறத்தை என் மகள், கடைகடையாகத் தேடியாவது வாங்கவேண்டிய சாமானாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

வெறுங்கையோடு பஸ் ஏறினோம். யன்னலோரம் அவள் இருந்தாள். பண்ணைக் கடல் காற்றில் அவளின் தலைமயிர் என் வாய்க்குள் வந்தது. உங்களைப் பற்றிக் கேட்டாள்:

"மாமி ஒருநாளும் இப்பிடி ஒண்டு வாங்கேல்லையோ?"

"மாமி வாங்கேல்லை. ஒரே ஒருநாள் ஆக்கள் பூசிவிட்டவை. அதையும் கழுவிப்போட்டா."

"ஏன்?"

சொன்னேன். அல்லைப்பிட்டி தாண்டும்வரை டப்பாக்களின் கதை, மண்கும்பானில் வாளியின் கதை. வெறும் வாசலும் பூனையும் வந்தபோது அவள் சிரித்த சிரிப்பில் முன் சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்:

"மாமி இதுக்கு அழுதவவோ?"

"ஓம். எனக்குத் தெரிய ஒருக்கா. உன்னைத் தூக்கக் கூடாதெண்டு சொன்ன நேரம்."

அவள் கண்ணுக்குக் கீழே விரலை வைத்துத் தடவினாள். பூச்சில்லாத முகம். பஸ் வேலணைப் பக்கம் திரும்பும்போது என் பக்கம் சரிந்து, யாருக்கும் கேளாத குரலில் கேட்டாள்:

"அப்ப அம்மா, எனக்கு மாமியின்ர முகம் வருகுதோ?"

அவளின் குரலில் பயத்தைத் தேடினேன், மச்சாள். இருக்கவில்லை. ஆசைதான் இருந்தது.

ஓம் என்றேன். அந்த ஓமைச் சொல்ல எனக்கும் பயமாக இருக்கவில்லை. அது உங்களால்தான்.